கல்லீ பறக்கும் பருவம்

தும்ரி, இமாசலம்
ஏப்ரல் 14, 2024

அன்புள்ள சரவணனுக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். நல்லபடியாக வந்து சேர்ந்தேன். குளிர்தான் நினைத்ததைவிட அதிகம். மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் இருமல் விட்டதா?

போனில் பேச முடியாது என்று கிளம்பும்போது சொன்னேன் அல்லவா, அது அப்படியேதான் இருக்கிறது. இந்தப் பள்ளத்தாக்கில் சிக்னல் இல்லை. பஸ் வருகிற ஊருக்கு இறங்கினால் கிடைக்கும், ஆனால் இறங்கி ஏறுவதற்குள் ஒரு பகல் போய்விடும். நான் தங்கியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் தேவ்ராஜ் வாரம் ஒருமுறை சாமான் வாங்க இறங்குகிறார். கடிதத்தை அவரிடம் கொடுத்தால் போட்டுவிடுவார். நீங்கள் எழுதினாலும் அவர் கையில்தான் வந்து சேரும்.

ஆபீஸில் கேட்டால் என்னவென்று சொல்வது என்றீர்களே, இதைச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் ஸ்டோன்ஃபிளை என்று ஒரு பூச்சி. நானாகத் தமிழில் கல்லீ என்று வைத்திருக்கிறேன். அதில் பச்சை நிறத்தில் ஒரு குடும்பம். அந்தக் குடும்பத்தில் ஸ்வெல்ட்சா என்று ஒரு பேரினம். அழுக்குப் படாமல் குளிர்ந்து ஓடுகிற ஓடையில் மட்டும்தான் வாழும். இளசாக இருக்கும்போது இரண்டு வருஷம் போலத் தண்ணீருக்கடியில், சரளைக்கல் இடுக்கில் கிடக்கும். பிறகு கரையேறித் தோலுரித்துச் சிறகோடு சில வாரம் பறந்துவிட்டுச் செத்துவிடும். இங்கே மே, ஜூன் மாதங்களில்தான் பறக்கும். ஜூலையில் மழை பிடித்து ஓடை கலங்கிவிட்டால் ஒன்றுகூடக் கண்ணில் படாது. எத்தனை வகை இருக்கிறது என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. டேராடூன் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து இன்னும் இரண்டு பேர் வந்திருக்கிறார்கள்.

ஜூலை முதல் வாரம் வீட்டில் இருப்பேன். வெளியே சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

எழில்

*

நெமிலிச்சேரி
மே 2

அன்புள்ள எழிலுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. இருமல் போய்விட்டது. நீ வெந்நீர் மட்டும் குடி, ஓடைத் தண்ணீரை நம்பாதே. சுத்தமான ஓடை என்று நீ எழுதியிருந்தாலும் சொல்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் விடுமுறை விண்ணப்பம் எழுதியதற்குப் பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. கையெழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே. வாட்ச்மேன் துலுக்கானம்தான் உன் கடிதத்தை மாடிக்குக் கொண்டுவந்தார். "இன்னா சார், கோர்ட்டு லெட்டரா?" என்று கேட்டார். வீட்டம்மா எழுதியது என்றதும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "இந்தக் காலத்துல யாரு சார் லெட்டரு எழுதிகினு கீறாங்கோ?" என்றபடியே இறங்கிப் போனார்.

வீட்டு வேலைக்கு வரும் விஜியும் தினமும் பாத்திரம் தேய்த்துக்கொண்டே விசாரிக்கிறாள். "அக்கா பூச்சி புடிக்கவா சார் அம்மாந்தூரம் போச்சு? நம்மகிட்ட சொல்லியிருந்தா இந்த சிங்க்குக்குக் கீழயே புடிச்சிக் குடுத்திருப்பேன்."

ஆவடிக்குப் போய் மாமாவையும் அத்தையையும் பார்த்துவிட்டு வந்தேன். மாமாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. அத்தை உனக்கு ஸ்வெட்டர் போதுமா என்று கேட்டார்கள்.

அம்பத்தூர் ஆபீஸிலிருந்து ரயில் பிடித்து வந்து கதவைத் திறந்தால் வீடு அமைதியாக இருக்கிறது. நீ இருக்கும்போதும் பெரிதாகச் சத்தம் இருக்காதுதான். நீ அதிகம் பேசுகிறவள் இல்லை. ஆனாலும் இது வேறு மாதிரி இருக்கிறது. மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டால் நன்றாக இருக்கிறது என்று நினைக்கிற அளவுக்கு வந்துவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சரவணக்குமார்

*

தும்ரி
மே 19

அன்புள்ள சரவணனுக்கு,

நான் சுகம். அப்பாவைப் பார்த்துவிட்டு வந்ததற்கு நன்றி. அம்மாவிடம் ஸ்வெட்டர் போதும் என்று சொல்லுங்கள்.

முதல் கல்லீயைப் பார்த்துவிட்டேன்! காலையில் ஓடைக்குப் போனபோது ஒரு பாறையின் ஈரப் பக்கத்தில் பழுப்பாக ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. ஏதோ குச்சி என்று விட்டுவிட இருந்தேன். அது நின்றது. முதுகு நடுவில் வெடித்தது. உள்ளேயிருந்து, சரவணன், உரித்த பச்சைப் பட்டாணி இருக்குமே, அந்த நிறத்தில் ஒன்று மெதுவாக வெளியே வந்தது. சிறகு கசங்கின துணி மாதிரி இருந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரிந்தது. முதுகில் மையால் இழுத்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு. முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தேன். கால் மரத்துப்போனது வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது.

இன்னொன்று சொல்ல வேண்டும். இவை தட்டிப் பேசிக்கொள்கின்றன. ஆண் ஏதாவது குச்சி மேல் உட்கார்ந்து வயிற்றால் தட்டும். தட்டிவிட்டுக் காத்திருக்கும். பக்கத்தில் துணை தேடும் பெண் இருந்தால் பதிலுக்குத் தட்டும். நம் காதுக்குக் கேட்காது. கருவி வைத்துத்தான் கேட்டோம். தேவ்ராஜின் மனைவி சுனிதாவும் வந்து காதில் மாட்டிக்கொண்டு கேட்டாள். "என் புருஷன் கதவைத் தட்டுகிற மாதிரியே இருக்கிறது" என்றாள். நாங்கள் சிரித்த சிரிப்பில் ஒரு பதிவு வீணாகிவிட்டது.

நிறைய எழுதிவிட்டேன். உங்களுக்கு அலுப்பாக இருந்தால் விட்டுவிட்டுப் படியுங்கள்.

எழில்

*

நெமிலிச்சேரி
ஜூன் 8

அன்புள்ள எழிலுக்கு,

அலுப்பே இல்லை. இரண்டு முறை படித்தேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. இங்கே வெயில்தான் ஆளைக் கொல்கிறது.

நான் செய்த ஒரு காரியத்தைச் சொன்னால் சிரிப்பாய். போன ஞாயிற்றுக்கிழமை டீ வடிகட்டியையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவையும் எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனேன். துலுக்கானம் எதிரே வந்துவிட்டார்.

"இன்னா சார், வடிகட்டி வெச்சிகினு கிளம்பிட்டீங்கோ? மீனு புடிக்கவா?"

"இல்லை, பூச்சி தேடலாம் என்று."

"பூச்சியா? சாயங்காலம் ஆச்சுன்னா நம்ம ஊடு பூரா கொசுதான் கீது. எத்தினி கிலோ வேணும், சொல்லு சார்."

ஆனாலும் மனிதர் கூடவே வந்தார். பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கி எனக்காகக் கல்லையெல்லாம் புரட்டிப் போட்டார். கல் என்ன கல், பாதி கட்டட உடைசல்தான். டப்பாவில் சிவப்பாகப் புழுக்களும் கொசுக் குஞ்சுகளும் நெளிந்தன. பச்சையாக ஒன்றும் இல்லை. இங்கே இருக்காது என்று எனக்கும் தெரியும். நீ செய்கிற வேலையை ஒருமுறை செய்து பார்க்கலாம் என்று தோன்றியது.

சின்ன அறையில் இருந்த அட்டைப்பெட்டிகளை எல்லாம் எடுத்துவிட்டேன். ஜன்னல் ஓரமாக உனக்கு ஒரு மேசை வாங்கிப் போட்டிருக்கிறேன். நல்ல வெளிச்சமாக ஒரு விளக்கும். மைக்ராஸ்கோப் வைத்துப் பார்க்கச் சரியாக இருக்கும். அம்பத்தூர் கோச்சிங் சென்டரில் நீ ஜூலையிலிருந்து பாடம் எடுக்க வருவாயா என்று கேட்டார்கள். வருவாய் என்று சொல்லிவிட்டேன். ரயில் எப்போது வருகிறது என்று எழுது, சென்ட்ரலுக்கு வந்துவிடுகிறேன்.

ஒரு சந்தேகம். பெண் பதில் தட்டாவிட்டால் ஆண் பூச்சி என்ன செய்யும்?

சரவணன்

*

தும்ரி
ஜூன் 29

அன்புள்ள சரவணனுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. உடம்பு பரவாயில்லை.

நான் அடுத்த வாரம் வர முடியாது போலிருக்கிறது. இந்த வருஷம் பனி தாமதமாக உருகியதால் பருவமும் தள்ளிப்போய்விட்டது. பூச்சிகள் இன்னும் பறக்கின்றன. இந்த நேரத்தில் விட்டுவிட்டு வந்தால் வேலை அரைகுறையாகிவிடும். இன்னும் ஒரு மாதம் ஆகலாம். டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். கோச்சிங் சென்டரில் எனக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஏரியில் இறங்கிய பிறகு காலை நன்றாகக் கழுவினீர்களா? அந்தத் தண்ணீர் பட்டால் அரிக்கும்.

எழில்

*

நெமிலிச்சேரி
ஜூலை 15

அன்புள்ள எழிலுக்கு,

சுகம். கால் இரண்டு நாள் அரித்தது, இப்போது இல்லை.

வேலைதான் முக்கியம். முடித்துவிட்டே வா. என் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார்கள், நீ வருவாய் என்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். நான் பூச்சியின் பருவம் தள்ளிப்போன கதையைச் சொன்னேன். "பூச்சிக்கு ஏதுடா பருவம்?" என்றார்கள். எனக்குத் தெரிந்ததை விளக்கினேன். உன் கடிதங்களில் இருந்ததைத்தான் சொன்னேன் என்றாலும், நன்றாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். நீ கேட்டிருக்கலாம்.

ஆவடியில் எல்லாரும் நலம். குத்தம்பாக்கத்துப் புது பஸ் நிலையம் திறந்துவிட்டால் இந்தப் பக்கமெல்லாம் பெரிதாக மாறிவிடும் என்கிறார்கள். நாம் இங்கே ஃபிளாட் வாங்கியது நல்ல முடிவுதான் என்று மாமாகூடச் சொன்னார்.

மழையில் ஓடைப்பக்கம் தனியாகப் போகாதே.

சரவணன்

*

தும்ரி
ஆகஸ்ட் 4

அன்புள்ள சரவணனுக்கு,

நான் நலம். மழை அதிகம். வேலை இன்னும் இருக்கிறது, பூச்சிகள் பறந்துகொண்டுதான் இருக்கின்றன. எப்போது வருவேன் என்று இப்போது சொல்ல முடியவில்லை. நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

எழில்

*

தும்ரி
செப்டம்பர் 8

அன்புள்ள சரவணனுக்கு,

உடம்பு ஏதும் சரியில்லையா? போன மாதம் எழுதியதற்குப் பதிலே இல்லை. மண்சரிவால் சில நாள் பாதை அடைத்திருந்தது, கடிதம் எங்காவது மாட்டிக்கொண்டிருக்கும் என்று முதலில் நினைத்தேன். அம்மா எழுதியது வந்துவிட்டது. உங்களுடையது மட்டும் இல்லை. ஆபீஸ் வேலையாக நீங்கள் பெங்களூர் போயிருந்ததாக அம்மா எழுதியிருந்தார்கள்.

நேற்று பஸ் வரும் ஊருக்கு இறங்கினேன். சிக்னல் முழுதாக இருந்தது. உங்கள் எண்ணை எடுத்துவைத்துக்கொண்டு ஒரு கடை வாசலில் வெகுநேரம் நின்றேன். எடுத்ததும் சாப்பிட்டாயா என்று கேட்பீர்கள். சாப்பிட்டேன் என்பேன். அப்புறம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. போன் செய்யாமலே ஏறி வந்துவிட்டேன்.

கோபமாக இருந்தால் கோபம் என்றாவது ஒரு வரி எழுதுங்கள்.

எழில்

*

தும்ரி
செப்டம்பர் 22

சரவணன்,

இன்னும் உங்கள் பதில் வரவில்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

இங்கே எந்தப் பூச்சியும் பறக்கவில்லை. ஜூன் கடைசியிலேயே முடிந்துவிட்டது. எல்லா வருஷமும் போல, சரியான நேரத்துக்கு. மாதிரிகளை எடுத்துக்கொண்டு மற்ற இரண்டு பேரும் அப்போதே கிளம்பிவிட்டார்கள். நான் மட்டும் இருக்கிறேன். சுனிதாவோடு ஆப்பிள் பறிக்கிறேன். மாட்டுக்குப் புல் அறுக்கிறேன். ஓடைக்கரையில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.

சின்ன அறையில் மேசை போட்டிருப்பதாக எழுதியிருந்தீர்களே, அதைப் படித்துவிட்டு அழுதேன். சந்தோஷத்தில் அழுததாகத்தான் எழுத நினைத்தேன். அது உண்மை இல்லை. அந்த மேசையில் உட்கார்ந்திருக்கும் என்னைக் கற்பனை செய்து பார்த்தேன். மூச்சு முட்டியது. அதற்குப் பிறகுதான் டிக்கெட்டை ரத்து செய்தேன்.

உங்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை இருந்திருந்தால் அம்மாவிடமாவது சொல்லியிருப்பேன். நீங்கள் ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. கல்யாணமான புதிதில் என் ஆராய்ச்சியைப் பற்றி ஒரு மணி நேரம் சொன்னேன், நினைவிருக்கிறதா? கேட்டுவிட்டு, "இதனால் என்ன பயன்?" என்றீர்கள். கிண்டலாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டீர்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அன்றிலிருந்து எதையும் சொல்வதற்கு முன்னால், இதனால் என்ன பயன் என்று எனக்குள்ளேயே ஒரு முறை கேட்டுப் பார்த்துக்கொள்வேன். பெரும்பாலும் பயன் இருக்காது. அதனால் சொல்ல மாட்டேன். இப்படியே மூன்று வருஷம் ஓடிவிட்டது. இது உங்கள் தப்பு என்று எழுதவில்லை. ஒரு கேள்விக்கு யாராவது இவ்வளவு செய்வார்களா என்று எனக்கே தோன்றுகிறது.

டேராடூனில் வேலை தருவதாகச் சொல்கிறார்கள். பதில் சொல்லாமல் வைத்திருக்கிறேன். உங்களிடம் பொய் சொல்லிக்கொண்டே அதைச் சொல்ல முடியவில்லை.

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். இதை வழக்கத்துக்காக எழுதவில்லை.

எழில்

*

நெமிலிச்சேரி
அக்டோபர் 6

அன்புள்ள எழிலுக்கு,

எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. கோபமும் இல்லை. பதில் எழுதாமல் உன்னைத் தவிக்கவிட்டது தப்பு. எழுத உட்கார்ந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும், அதற்கு எனக்குத் தைரியம் வரவில்லை. நீ முதலில் சொல்லிவிட்டாய். இனி நானும் சொல்லலாம்.

பூச்சி பறக்கவில்லை என்று எனக்கு ஆகஸ்டிலேயே தெரியும். நீ போனதிலிருந்து கல்லீ பற்றிக் கிடைத்ததையெல்லாம் ரயிலில் போகும்போதும் வரும்போதும் படித்துக்கொண்டிருந்தேன். பனி உருகுவது தாமதமானால் பருவம் கொஞ்சம் தள்ளும். ஆனால் மழை கொட்டுகிற ஆகஸ்டில் அந்த ஓடையில் அது பறக்காது. உன் கடிதத்தை வைத்துக்கொண்டு நான் என்னென்னவோ நினைத்தேன். உனக்கு உடம்பு முடியவில்லையோ என்று நினைத்தேன். வேறு யாராவது இருக்கிறார்களோ என்றும் நினைத்தேன். மறைக்காமல் சொல்கிறேன், அதை நிறையவே நினைத்தேன். பெங்களூர் போவதாக மாமாவிடம் சொல்லிவிட்டு டெல்லிக்கு ரயில் ஏறினேன்.

ஆமாம், தும்ரிக்கு வந்தேன். ஆகஸ்ட் கடைசியில். பாதி வழி பஸ்ஸில், மிச்சம் நடந்து. பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு டீக்கடை இருக்கிறதே, அங்கே உட்கார்ந்தேன். யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று கடைக்காரர் கேட்டார். என் இந்தி உனக்குத் தெரியும். மதராஸிலிருந்து வந்த பூச்சி மேடம் என்று எப்படியோ சொன்னேன். அவர் சிரித்துவிட்டு ஓடைப் பக்கம் கையைக் காட்டினார்.

கீழே நீயும் இன்னொரு பெண்ணும் கம்பளி துவைத்துக்கொண்டிருந்தீர்கள். சுனிதாவாக இருக்க வேண்டும். முதலில் கேட்டது ஒரு குரல். தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே கேட்கிற மாதிரி யாரோ உரக்கப் பேசிக்கொண்டே இருந்தார்கள். உன் குரல் என்று எனக்குத் தெரியவில்லை, எழில். நீ திரும்பியபோது முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்கிறாய். கம்பளியைக் கீழே போட்டுவிட்டு யாரையோ நடித்துக் காட்டுகிறாய். அந்தப் பெண் சிரிப்புத் தாங்காமல் பாறையில் உட்கார்ந்துவிட்டாள். நீ விடவில்லை. மறுபடியும் சொல்கிறாய்.

நம் வீட்டுக்கு யார் வந்தாலும், எழில் அதிகம் பேச மாட்டாள், அவள் சுபாவம் அப்படி என்று நான்தான் சொல்லியிருக்கிறேன். அதைப் பெருமையாகவும் சொல்லியிருக்கிறேன்.

டீ ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எழுந்து வந்துவிட்டேன். வேறு யாராவது இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவனை வெறுத்துக்கொண்டு ஊருக்கு வந்திருப்பேன். உனக்கென்று வாங்கியிருந்த முறுக்குப் பொட்டலத்தை ரயிலில் எதிர் சீட்டுக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

டேராடூன் வேலைக்குச் சரி என்று சொல்லிவிடு. ஆவடியில் நானே பேசுகிறேன். மாமா முதலில் கோபப்படுவார், அத்தை அழுவார்கள். நான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறேன்.

சரவணன்

*

தும்ரி
அக்டோபர் 20

அன்புள்ள சரவணனுக்கு,

உங்கள் கடிதத்தை ஓடைக்கரையில் வைத்துப் படித்தேன். படித்து முடித்துப் பாலத்தைப் பார்த்தேன். அந்த டீக்கடையில் தினமும் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். நான் நிமிர்ந்து பார்த்ததே இல்லை.

வேலைக்குச் சம்மதம் எழுதிவிட்டேன். அடுத்த வாரம் கிளம்புகிறேன். ஆனால் ஆவடியில் நீங்கள் தனியாகப் பேச வேண்டாம். டிசம்பரில் வருகிறேன். அப்பாவின் கோபம் என் மேல்தான் விழ வேண்டும். நீங்கள் கூட இருந்தால் போதும். இதைக் கேட்க எனக்கு உரிமை இல்லை என்று தெரியும், ஆனாலும் கேட்கிறேன்.

சுனிதாவிடம் சொன்னேன். "உன் புருஷன் இவ்வளவு தூரம் வந்து ரொட்டிகூடச் சாப்பிடாமல் போய்விட்டாரா?" என்று அவளுக்கு என் மேல்தான் கோபம். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அன்று எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். நினைவுக்கு வரவில்லை. எத்தனையோ நாள் துவைத்தோம், எத்தனையோ பேசினோம்.

அவ்வளவு பக்கத்தில் வந்தீர்கள். ஒரு தரம் என்னைக் கூப்பிட்டிருக்கலாமே, சரவணன்?

எழில்

*

நெமிலிச்சேரி
நவம்பர் 3

அன்புள்ள எழிலுக்கு,

இங்கே மழை ஆரம்பித்துவிட்டது. எனக்கு ஒன்றுமில்லை, நலமாக இருக்கிறேன். டேராடூனில் இடம் வசதியாக இருக்கிறதா என்று எழுது. டிசம்பரில் வா, ஆவடிக்குச் சேர்ந்தே போகலாம். உரிமை பற்றியெல்லாம் யோசிக்காதே.

கூப்பிடலாம் என்றுதான் எழுந்தேன். பாலத்தில் பாதி தூரம் வந்தும்விட்டேன். உன் பெயர் வாய்வரை வந்தது. நீ அந்தப் பெண்ணிடம் கதையின் நடுவில் இருந்தாய்.

கூப்பிட்டிருந்தால் நீ பேச்சை நிறுத்தியிருப்பாய்.

சரவணன்